முதலில் நிறுத்தப் பழகுங்கள்: மாற்றுத்திறனாளிகள் மறுபடி சைக்கிள் ஏற ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் கழித்து நான் முதன்முதலாக ஏறிய மூன்று சக்கர சைக்கிள் என்னை நேராக ஒரு வேலிக்குள் கொண்டுபோய் விட்டது. வேகம் ஒன்றும் இல்லை, நடக்கிற வேகம்தான். சிறு வயதிலிருந்து இரண்டு சக்கரத்தில் போனவன் நான். வளைய வேண்டும் என்றால் லேசாகச் சாய்ந்தால் போதும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். மூன்று சக்கரம் அதைக் காதில் வாங்காது. ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் திரும்பும். நான் சாய்ந்தேன், வண்டி நேராகப் போனது. பிரேக் பிடிக்கலாம் என்றால் லீவர் இடது பக்கம். இடது கைதான் சொன்ன பேச்சைக் கேட்காத கை.

அடி படவில்லை. ஆனால் மூன்று வாரம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது: என்னைப் பயமுறுத்தியது ஓட்ட வராதது இல்லை, நிறுத்த வராதது. அப்புறம் எல்லாவற்றையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். முதலில் இறங்க, பிறகு நிறுத்த, கடைசியில் ஓட்ட. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. பக்கவாதம், செயற்கைக் கால், தண்டுவடக் காயம், பெருமூளை வாதம், பார்வைக் குறைவு, மூட்டுத் தேய்மானம் என்று யாருக்கு எது இருந்தாலும் வரிசை மாறாது. வண்டிதான் மாறும்.

நடக்கவே சிரமம், இதில் சைக்கிளா?

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், ஆனால் பதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழு உடம்பும் ஒற்றைக் காலில் நிற்கிறது. சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் வாங்கிக்கொள்கிறது. இரண்டு பெடலும் ஒரே அச்சில் இணைந்திருப்பதால் பலமான கால் பலவீனமான காலையும் சேர்த்துச் சுற்றிவிடும். மூட்டு வலி உள்ள பலருக்கு நூறு அடி நடப்பதைவிட அரை கிலோமீட்டர் மிதிப்பது சுலபம். அவர்களுக்குச் சைக்கிள் என்பது உடற்பயிற்சிக் கருவி இல்லை, ஊன்றுகோல்.

2010-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 58 வயது, பார்க்கின்சன் நோய். நாலு அடி வைப்பதற்குள் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்துவிடும். அதே மனிதர் சைக்கிளில் ஏற்றிவிட்டால் சாதாரணமாக ஓட்டினார், திரும்பினார். இறங்கியதும் மறுபடி உறைந்தார். பார்க்கின்சன் உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடையை வைத்து மட்டும் சைக்கிளை முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இது புது யோசனையும் இல்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் பகுதியில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரம் செய்பவருக்குக் கால்கள் பயன்படவில்லை. 1655-ல் தன் 22-ஆம் வயதில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தானே செய்துகொண்டார். இரண்டு சக்கர சைக்கிளுக்கு முன்னோடியான வண்டி வந்தது 1817-ல். ஆக, மாற்றுத்திறனாளிக்காகச் சைக்கிளைப் பிற்பாடு மாற்றிக்கொடுத்தார்கள் என்பது பாதிக் கதைதான்.

முதல் படி: உடம்பைக் கணக்கெடுங்கள்

மருத்துவரிடம் ‘சைக்கிள் ஓட்டலாமா?’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்ற பதில்தான் வரும். அது யாருக்கும் உதவாது. கேள்வியைக் கூர்மையாக்குங்கள். என் முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது? என் பார்வைப் புலம் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) முழுதாக இருக்கிறதா? இதயத் துடிப்பு எவ்வளவு வரை ஏறலாம்? என் மருந்துகளில் எது தலைசுற்றலைத் தரும்? முதல் கேள்விக்குப் பிசியோதெரபிஸ்டே அளந்து பதில் சொல்வார், இரண்டாவதற்குக் கண் மருத்துவர்.

முழங்கால் எண் முக்கியம். சாதாரண சைக்கிளில் பெடல் மேலே வரும்போது முழங்கால் சுமார் 110 டிகிரி மடங்க வேண்டும். அவ்வளவு மடங்காது என்றால் ஓட்டவே முடியாது என்று அர்த்தமில்லை. பெடலை நடு அச்சோடு இணைக்கும் தண்டான கிராங்கின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். அதைப் பிறகு பார்ப்போம்.

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பார்வைப் புலம் அதைவிட முக்கியம். சிலருக்கு ஒரு பக்கம் தெரியாது. இன்னும் சிலருக்குக் கண் பார்த்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் தனக்குத் தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. வாசல் நிலையில் ஒரே தோள் அடிக்கடி இடிக்கிறது, தட்டில் ஒரு பாதி சாப்பிடாமல் மிஞ்சுகிறது என்றால் பரிசோதிக்காமல் தெருவுக்குப் போகாதீர்கள். வலிப்பு வருபவர்களும் தனியாகப் போக்குவரத்தில் இறங்கக் கூடாது. அவர்களுக்கு இருவர் சைக்கிளின் பின்சீட் இருக்கிறது.

இன்னும் மூன்று விஷயங்கள், சம்பந்தப்பட்டவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியவை.

தண்டுவடக் காயம் மார்புப் பகுதியின் 6-ஆம் நிலையிலோ அதற்கு மேலோ இருந்தால், உணர்ச்சி இல்லாத பகுதியில் ஏற்படும் ஒரு சின்ன உறுத்தல்கூட ரத்த அழுத்தத்தைத் திடீரென்று அபாயமான அளவுக்கு ஏற்றிவிடும். இறுக்கிக் கட்டிய பட்டை, மடங்கிப்போன சிறுநீர்க் குழாய், நிறைந்த சிறுநீர்ப்பை எதுவானாலும் போதும். தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்வை: இவைதான் அடையாளம். உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும், பட்டைகளைத் தளர்த்த வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும். குறையவில்லை என்றால் அவசர சிகிச்சைதான். கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். படுக்கவைத்துவிட்டால் அழுத்தம் இன்னும் ஏறும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் பார்வை மங்கும், கால் துவளும். 1890-லேயே வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற கண் மருத்துவர் இதை எழுதிவைத்தார். உடம்பு குளிர்ந்ததும் சரியாகிவிடும். ஆனால் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இது நடந்தால்? அதனால் வெயிலுக்கு முன் ஓட்டம், கழுத்தில் ஈரத்துணி.

நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்கு ‘தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்’ என்ற அறிவுரை பொருந்தாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, இப்படிப் படிப்படியாக ஏற்றும் உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இன்று ஓட்டியதன் விலையை நாளை மறுநாள் படுக்கையில் கொடுக்க நேர்ந்தால், அந்த அளவு உங்களுக்கு அதிகம். கீழே நான் சொல்லும் வார அட்டவணையை நீங்கள் மறந்துவிடலாம். மோட்டார் உதவியோடு, உடம்பு அனுமதிக்கிற நாளில், அனுமதிக்கிற தூரம் மட்டும்.

இரண்டாம் படி: எந்த வண்டி?

ஒரே ஒரு சைக்கிளில் எல்லோரும் பொருந்த முடியாது என்பதைப் பாராலிம்பிக் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அங்கே நாலு வகை: கை கால் குறையோடு சாதாரண சைக்கிள் ஓட்டுபவர்கள், சமநிலை இல்லாதவர்களுக்கு மூன்று சக்கரம், பார்வையற்றவர்களுக்கு இருவர் சைக்கிள், கால் பயன்படாதவர்களுக்குக் கைப்பெடல் சைக்கிள். வண்டி தேடும்போது நானும் இதே நாலில்தான் தொடங்கச் சொல்வேன்.

சாதாரண சைக்கிள் உங்களுக்குச் சரிவருமா என்று பார்க்கத் தாழ்வான சட்டம் உள்ள வண்டியை எடுங்கள். பெடல்களைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பாதமும் தரையில் பதியும்படி உட்கார்ந்து, காலால் தள்ளித் தள்ளிப் போய்ப் பாருங்கள். சில நாட்களில் கால்களைத் தூக்கிக்கொண்டு நேராக உருள முடிந்தால் சமநிலை இருக்கிறது. முடியவில்லை என்றால் மூன்று சக்கரம். இதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மூன்று சக்கரத்தில் நிமிர்ந்து உட்காரும் வகையும் சாய்ந்து உட்காரும் வகையும் உண்டு. நிமிர்ந்த வகையில் ஏறி இறங்குவது சுலபம், மற்றவர் கண்ணுக்கும் தெரிவீர்கள். ஆனால் இருக்கை உயரம் என்பதால் வளைவில் கவிழும் வாய்ப்பு அதிகம். சாலையின் ஓரச் சரிவு வண்டியை எப்போதும் ஓரத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும், அதை எதிர்த்துப் பிடிப்பதில் பலவீனமான கை சீக்கிரம் சோர்ந்துவிடும். முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள சாய்வு வகை வளைவில் நன்றாக நிற்கும், முதுகுக்கும் இடுப்புக்கும் தாங்கல் கிடைக்கும். ஆனால் தரையோடு தரையாக உட்கார வேண்டும். உட்கார்வது சுலபம், எழுவதுதான் வேலை! வாங்கும் முன் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்து முறை எழுந்தும் பாருங்கள்.

சாய்வு வகையில் ஒரு கண்டிப்பு: பாதத்தைப் பெடலோடு பட்டையால் பிடித்து வைக்காமல் ஓட்டவே கூடாது. கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி முன்னால் போய்க்கொண்டே காலைத் தன் அடியில் இழுத்துவிடும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது நடப்பதே தெரியாது.

கைப்பெடல் சைக்கிளில் தனி வண்டியாக வருவதும் உண்டு, சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்வதும் உண்டு. அன்றாட வாழ்க்கைக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியிலேயே உள்ளே போகலாம், இடம் மாறி உட்காரத் தேவையில்லை. ஒரு குறை: எடை பின்னால் இருப்பதால் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். முன்னால் குனிந்து ஓட்ட வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். இரண்டு கையையும் மாற்றி மாற்றிச் சுற்றாமல், சேர்ந்தே சுற்றும் அமைப்புதான் பெரும்பாலும் வரும். பெடல் அச்சு தோளுக்கு மேலே போகாமலும், கை முழுக்க நீளும்போது முழங்கை கொஞ்சமாவது மடங்கியும் இருக்கட்டும். தோள்மூட்டு போய்விட்டால் சக்கர நாற்காலிக்காரருக்கு எல்லாமே போனது மாதிரி.

இருவர் சைக்கிளில் முன்னால் இருப்பவர் ஓட்டுநர், பின்னால் இருப்பவர் எஞ்சின். இங்கே எல்லாமே பேச்சுதான். ‘கிளம்புகிறோம்’, ‘மிதிக்காதே’, ‘பள்ளம்’, ‘இடது’, ‘நிற்கிறோம்’: இந்த ஐந்து வார்த்தையையும் வண்டியில் ஏறும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் சொல்லாமல் பிரேக் அடித்தால் பின்னால் இருப்பவருக்கு அது இருட்டில் படி தவறுவது போல. 2003-ல் ஜே ஆல்பர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பார்க்கின்சன் உள்ள ஒருவரோடு ஐயோவா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் பயணத்தில் இருவர் சைக்கிளில் போனார். போகிற வழியில் பின்னால் இருந்தவரின் கையெழுத்து தெளிவானதைக் கவனித்துத்தான், வேகமாக மிதிப்பது பார்க்கின்சனுக்கு என்ன செய்கிறது என்று பிறகு ஆராயத் தொடங்கினார்.

மோட்டார் வேண்டுமா? தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ‘அப்படியென்றால் நீ ஓட்டவில்லையே’ என்பவர்களை ஒருமுறை ஒற்றைக் காலால் மேடேறச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியது சென்சார் வகை. மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் மென்மையாக உதவும், ஆனால் பலவீனமான காலின் முறை வரும்போது உதவியும் குறைந்துபோகும். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சாருக்குப் பலமே தேவையில்லை. ஆனால் திடீரென்று பாயும், கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளும். கால் தானாக இழுத்துக்கொள்பவர்கள் இதை வெட்டவெளியில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும்படியான 250 வாட் மோட்டார் வரை சைக்கிளாகவே கருதுகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு.

அப்புறம் வாசலை அளந்துவிடுங்கள். பெரியவர்களுக்கான மூன்று சக்கரம் பல சமயம் 75 செ.மீ.க்கு மேல் அகலம் இருக்கும். வண்டி வீட்டுக்கு வந்து வெளியே மழையில் நிற்பதைப் பார்க்கும் துக்கம் தனி.

மூன்றாம் படி: வண்டியை உடம்புக்கு ஏற்ப மாற்றுங்கள்

முதலில் பிரேக். ஒரு கைதான் பலம் என்றால், இரண்டு பிரேக்கையும் ஒரே லீவரில் இழுக்கும் இரட்டைக் கேபிள் லீவர் கிடைக்கும். கையே பலமில்லை என்றால் பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் பிரேக். எதுவானாலும், பலமான பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று சக்கரத்துக்குப் பார்க்கிங் பிரேக் கட்டாயம். அது இல்லாத மூன்று சக்கரம் நீங்கள் ஏறும்போது உருளும் நாற்காலி.

கியர், சக்கரத்தின் மையத்துக்குள் இருக்கும் வகையாக இருந்தால் நல்லது, நின்ற இடத்திலேயே மாற்றலாம். வெளியே செயின் தாவும் வகையில் மிதித்துக்கொண்டே மாற்ற வேண்டும். கனமான கியரில் நின்றுவிட்டால் பலவீனமான காலோடு மறுபடி கிளம்புவது பெரும்பாடு.

கிராங்க் பொதுவாக 170 மி.மீ. நீளம். முழங்கால் அல்லது இடுப்பு சரியாக மடங்காதவர்களுக்கு 140 அல்லது அதற்கும் குறைவாக வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் குறைக்கவும் துளைகள் கொண்ட இணைப்புத் துண்டு கிடைக்கும். சீட் உயரத்துக்குப் பழைய முறையே போதும்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும்.

பாதம் நழுவுபவர்களுக்குக் குதிகால் கிண்ணமும் பட்டையும் கொண்ட பெடல் உண்டு, முழங்கால் வெளியே சாய்பவர்களுக்குக் கெண்டைக்கால் தாங்கி. இதில் ஒரு வேறுபாடு: மூன்று சக்கரத்தில் கட்டலாம், இரண்டு சக்கரத்தில் சட்டென்று விடுவிக்க முடியாத எதையும் கட்டக் கூடாது. செயற்கைக் கால்காரர்கள் பாதத்தின் நடுப்பகுதி பெடல்மேல் வரும்படி வைத்தால் கட்டுப்பாடு கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் என்றால், சாக்கெட்டின் (மீந்த கால் உள்ளே பொருந்தும் கிண்ணத்தின்) பின்விளிம்பு காலை மடக்கும்போது தசையைக் கிள்ளுகிறதா என்று பாருங்கள். கிள்ளினால் செயற்கைக் கால் செய்பவரிடம் அந்த விளிம்பைத் தாழ்த்தச் சொல்லலாம். விரல் மடங்காதவர்களுக்குக் கையைப் பிடியோடு சுற்றிக் கட்டும் கையுறை உண்டு.

நான்காம் படி: ஏறாதீர்கள், இறங்குங்கள்

முதல் நாள் ஒரு மீட்டர்கூட ஓட்ட வேண்டாம். பார்க்கிங் பிரேக் போட்டு, வண்டியைச் சுவரோரமாக நிறுத்தி, ஏறி இறங்குவதை மட்டும் பத்து முறை செய்யுங்கள். ஒரு பக்கம் பலவீனம் என்றால் பலமான காலில் நின்றுகொண்டு பலவீனமான காலை முதலில் தாண்ட விடுங்கள், கையால் கால்சட்டையைப் பிடித்துத் தூக்கினாலும் தவறில்லை. மூன்று சக்கரத்தில் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்து, பிறகு காலை எடுத்துவைக்கலாம். சக்கர நாற்காலியிலிருந்து மாறுபவர்களுக்கு இரண்டு இருக்கையும் ஒரே உயரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் பிரேக் பூட்டியதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாறுங்கள். நான் இன்றும் சொல்கிறேன். பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அதே நாளில் விழுந்தால் எழுவது எப்படி என்றும் பழகிவிடுங்கள். மெத்தை விரித்து, கூட ஆள் வைத்துக்கொண்டு. போன் பையில் இருக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். வண்டி ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் கிடக்கும்போது பையில் உள்ள போன் அடுத்த ஊரில் இருப்பது மாதிரி.

ஐந்தாம் படி: நிறுத்துவது

சமதளமான, காலியான இடம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஐந்து மீட்டர் தள்ளியிருந்து உருண்டு வந்து கோட்டின் மேல் முன் சக்கரத்தை நிறுத்துங்கள். பத்தில் எட்டு முறை சரியாக நின்றால் பத்து மீட்டர். பிறகு யாராவது பின்னாலிருந்து ‘நில்!’ என்று எதிர்பாராமல் கத்தட்டும். கடைசிப் பயிற்சிதான் உண்மையானது, தெருவில் யாரும் கோடு போட்டு வைப்பதில்லை.

எனக்கு இது நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதே இருக்கவில்லை, ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் படி: வளைவது

மூன்று சக்கரக்காரர்களுக்கு மூன்று சொற்கள்: மெதுவாக, திருப்பு, உள்ளே சாய். முதலில் வேகம் குறைய வேண்டும், வளைவுக்குள் போன பிறகு இல்லை. ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். உடம்பின் எடையை வளைவின் உட்பக்கம் கொண்டுபோங்கள். வெளிப்பக்கம் சாய்ந்தால் உட்பக்கச் சக்கரம் தூக்கும். முதுகில் பலம் குறைந்தவர்களால் உடம்பைச் சாய்க்க முடியாது, அவர்களுக்கு வேகம் ஒன்றுதான் கருவி. இரண்டு சக்கரத்தில் அனுபவம் உள்ளவர்கள் என்னைப் போல வேலிக்குப் போகாமல் இருக்க, எட்டு என்ற எண்ணைத் தரையில் வரைந்து அதன்மேல் நடக்கிற வேகத்தில் இருபது சுற்று போகலாம்.

பயம் எங்கே போகிறது?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று விளக்கினார். நாலு ஊற்று: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பு காட்டும் அறிகுறிகளைத் தான் புரிந்துகொள்ளும் விதம். இவற்றில் மிகப் பலமானது முதலாவது. பிறர் சொல்லும் ஊக்கம் சீக்கிரம் வற்றிவிடும். வீட்டில் எத்தனை பேர் ‘உன்னால் முடியும்’ என்று சொன்னாலும் வேலிக்குள் போன என்னை மூன்று வாரம் அது எழுப்பவில்லை. சாக்பீஸ் கோட்டில் எட்டு முறை நின்றது எழுப்பியது.

நாலாவதும் லேசானதல்ல. ஓட்டும்போது நெஞ்சு படபடக்கிறது. நோய்க்குப் பிறகு படபடப்பு என்றாலே ஆபத்து என்று மனம் படித்து வைத்திருக்கிறது. மிதித்தால் யாருக்கும் படபடக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். ஓட்டிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது உழைப்பின் படபடப்பு. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் புதிதாக மரத்துப்போவது, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

இரண்டாவதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாற்றுத்திறனாளி சைக்கிள் ஏறினால் உடனே யாராவது பெரிய பெயர்களைச் சொல்வார்கள். 2001-ல் கார் பந்தய விபத்தில் இரண்டு காலையும் இழந்து, 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் கைப்பெடல் சைக்கிளில் தங்கம் வென்ற அலெக்ஸ் சனார்டி. இடது கை முழுமையாக வளராமல் பிறந்து, நீச்சலில் வென்று, 2005-ல் சைக்கிளுக்கு மாறி, 2024 பாரிஸ் வரை மொத்தம் 19 பாராலிம்பிக் தங்கம் சேர்த்த சாரா ஸ்டோரி. மதிப்புக்குரியவர்கள்தான். ஆனால் பண்டூரா சொன்னது ‘தன்னைப் போன்ற ஒருவர்’ என்று. உங்கள் வயதில், உங்கள் குறையோடு, மருந்து வாங்கச் சைக்கிளில் போகிற ஒருவரைத் தேடிப் பாருங்கள், அவரோடு ஒரு நாள் போங்கள். தங்கப் பதக்கத்தைவிட அது வேலை செய்யும்.

கூட வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். உங்கள் கை வந்ததும் வண்டி யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும். சீட்டின் பின்பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நடங்கள். ‘பிடி’, ‘விடு’ என்று ஓட்டுபவர் சொல்லட்டும். அவர் கேட்காமல் பிடிப்பது அன்பாகவே இருந்தாலும், அவர் கற்றுக்கொண்ட நிறுத்தத்தை அது அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஏழாம் படி: ஒரு வேலைக்குப் போய் வாருங்கள்

கிலோமீட்டரை இலக்காக வைக்காதீர்கள். ‘இந்த மாதம் பத்து கிலோமீட்டர்’ என்பது உடம்பு சரியில்லாத வாரத்தில் உங்களைக் குற்றவாளி ஆக்கும். ஒரு வேலையை வையுங்கள்: மருந்து வாங்குவது, நூலகத்தில் புத்தகம் திருப்புவது, நண்பர் வீட்டுக்கு நீங்களாகவே போய் மணி அடிப்பது. நோய்க்குப் பிறகு யாரோ ஒருவர் நமக்காக எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வது அது.

அந்த வழியை முதலில் வண்டி இல்லாமல் பாருங்கள், நடந்தோ சக்கர நாற்காலியிலோ காரிலோ. எங்கே மேடு, எங்கே தடுப்புக் கம்பி உங்கள் வண்டியின் அகலத்தைவிடக் குறுகல், எங்கே நிழலில் நிற்கலாம், எங்கே கழிப்பறை, போன இடத்தில் வண்டியை எங்கே பூட்டுவது. ஊன்றுகோலை வண்டியில் மாட்டப் பிடிப்பான் இருக்கிறதா? இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தும் இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இது எனக்கு நடந்தது. அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் ஏறி இறங்குவதும் நிறுத்துவதும். இரண்டாம் வாரம் எட்டுப் போடுவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிடம். மூன்றாம் வாரம் வாகனம் வராத நேரத்தில் தெருவின் முனை வரை. நாலாம் வாரத்திலோ பத்தாம் வாரத்திலோ அந்த வேலை. பலத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு எதிர்க்காற்றுக்கும் பஞ்சருக்கும். முதல் பங்கு தீர்ந்தது என்று தோன்றினால், சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ‘திரும்பினேன், சரியாகத் திரும்பினேன்’ என்று எழுதுங்கள்.

தெருவில் பலவீனமான பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். கழுத்து திரும்பாதவர்களுக்கு இரண்டு பக்கமும். தாழ்வான வண்டிக்கு உயரக் கம்பியில் கொடி. கை காட்டித் திரும்ப முடியாதவர்களுக்கு விளக்குச் சமிக்ஞை பொருத்தலாம், அல்லது சந்திப்பில் நின்று, ஓரமாக ஒதுங்கி, வழி தெளிந்தபின் கடக்கலாம். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

வந்த பிறகு

உணர்ச்சி குறைந்தவர்கள் அன்று மாலை கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள்: உட்காரும் எலும்பு, வால் எலும்பு, குதிகால், பட்டை பட்ட இடம், சாக்கெட் பட்ட இடம். அழுத்தம் விலகி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடம் ஆறும்வரை ஓட்டம் கிடையாது. நீண்ட ஓட்டத்தில் அரை மணிக்கு ஒரு முறையாவது இரண்டு நிமிடம் எடையைத் தூக்குங்கள் அல்லது சாய்த்து மாற்றுங்கள். தண்டுவடக் காயத்துக்குக் கீழே வியர்வை வராதவர்கள் தண்ணீரைக் குடித்தால் மட்டும் போதாது, மேலே தெளித்துக்கொள்ளவும் வேண்டும்.

உடம்பு மாறும். தசை இறுக்கம் கூடும் அல்லது குறையும், செயற்கைக் காலுக்குள் பொருந்தும் மீந்த கால் சுருங்கும், மருந்து மாறும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்றாம் படியை மறுபடி படித்து, சீட், கிராங்க், பட்டை எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

பார்க்கிங் பிரேக்கை மட்டும் மாதம் ஒரு முறை. அதன் கேபிள் சத்தமில்லாமல் தளர்ந்துகொண்டே வரும். ஒரு சின்னச் சரிவில் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சீட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் இறுக்கும்வரை ஏறாதீர்கள்.